ஒற்றைத் தோட்டாத் துவக்கு

உங்களில் யாராவது பதின்மூன்று வயதில் சுடுகிற துவக்கு வாங்கக் கடைக்குப் போனதுண்டா? நான் போயிருக்கிறேன். அதுவும் இரட்டைப் பின்னலும் முழங்காலுக்குக் கீழே இறங்கிய சட்டையுமாக, கண்டிக் கடைத்தெருவில், பட்டப்பகலில். இதைச் சொன்னால் என் வயதுக்காரிகள் முதலில் சிரிப்பார்கள். பிறகு, "உங்கட ஐயாவுக்கு என்ன விசரோ?" என்று கேட்பார்கள். என் அம்மாவும் அன்றைக்கு அதையேதான் கேட்டார்.

ஐயாவுக்கு விசர் இல்லை. அவர் கணித வாத்தியார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கண்டி வாவிக்கு மேலே ஏறும் வீதியொன்றில் வீடெடுத்து, ஓர் ஆண்கள் கல்லூரியில் கேத்திரகணிதம் படிப்பித்தார். முப்பதுகளின் தொடக்கம் அது. கல்லூரியில் கடேற் என்ற மாணவர் படை இருந்தது. பெரிய பையன்கள் பட்டாளத்து ரைபிளால் சுடப் பழகினார்கள். அந்த ரைபிள் கழுதைபோல உதைக்கும். சின்னப் பையன்கள் ஒருதரம் சுட்டுவிட்டு ஒரு வாரம் தோளில் எண்ணெய் தடவிக்கொண்டு திரிவார்கள். அடுத்த தரம் விசையில் விரல் படுமுன்பே கண்ணை மூடிக்கொள்வார்கள். கண்ணை மூடிச் சுடுகிறவன் எதைப் பழகுவான்?

அதனால் புதியவர்களுக்கென்று இரண்டு சின்னத் துவக்குகள் வாங்க வெள்ளைக்காரப் பிரின்சிபல் முடிவு செய்தார். சுண்டுவிரல் நுனியளவே இருக்கும் தோட்டா. அதன் அடி விளிம்பில் ஊசி தட்டினால் வெடிக்கும். உதை என்று சொல்ல ஒன்றுமில்லை; விலையும் மலிவு என்பதால் பையன்கள் தாராளமாகச் சுட்டுப் பழகலாம். வாங்கும் பொறுப்பு, வாழ்க்கையில் துவக்கையே தொட்டிராத ஐயாவின் தலையில் விழுந்தது. கணக்குத் தெரிந்தவர் கையில் காசு வீணாகாது என்று பிரின்சிபல் நினைத்திருக்க வேண்டும்.

ஐயா கணக்கைத் தொடங்கினார். கடேற் படையில் ஆகச் சின்னப் பையனின் கையைத் தோளிலிருந்து விரல் நுனிவரை அளந்து வந்தார். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு என் கையையும் அளந்தார். இரண்டும் ஒரே அளவு.

"நாளைக்கு நீயும் வா, பிள்ளை," என்றார். "உன்ர கைக்குப் பொருந்தினால் அந்தப் பொடியளுக்கும் பொருந்தும்."

"பொம்பிளைப் பிள்ளையைத் துவக்குக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போறியளோ? உங்களுக்கு என்ன விசரோ?" என்றார் அம்மா.

"அந்தப் பொடியன்ர தாயிட்டைப் போய் மகனை ஒருக்கால் தாங்கோ எண்டு கேக்கிறதை விட இது சுகம்," என்றார் ஐயா.

இப்படித்தான் நான் ஓர் அளவுகோலாக அந்தக் கடைக்குள் போனேன்.

கடைக்காரர் முஸ்லிம்; அண்ணன் என்ற முறையில் எல்லோரும் அவரை நானா என்றுதான் சொல்வார்கள். அலவத்துகொடையிலிருந்து தினமும் கண்டிக்கு வந்து போகிறவர். முன்பக்கம் பூட்டு, அரிக்கன் லாம்பு, தூண்டில் நரம்பு, வாள், அரம். பின்பக்கம் கண்ணாடி போட்ட அலுமாரியில் துவக்குகள், விசைக்காப்பு வழியாக ஒரே சங்கிலி கோர்த்து நின்றன. மண்ணெண்ணெயும் துவக்கு எண்ணெயும் கலந்த ஒரு வாசனை அங்கே இருந்தது. இனிப்பும் கசப்புமான வாசனை. இன்றுவரை அதை வேறு எங்கும் நான் முகர்ந்ததில்லை.

எங்களோடு கல்லூரியின் டிரில் சார்ஜன்டும் வந்திருந்தார். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, பெரிய யுத்தத்துக்குக் கடல் தாண்டிப் போய் வந்தவர். மார்பில் இரண்டு பதக்கம், மூங்கில் போல நிமிர்ந்த முதுகு. பையன்கள் அவர் நிழலுக்கே சல்யூட் அடிப்பார்கள்.

நானா மூன்று துவக்குகளை மேசையில் வைத்தார். முதலாவது பளபளத்தது, ஐந்து தோட்டாக்களை ஒன்றாகப் போட்டுக்கொண்டு அடுத்தடுத்துச் சுடலாம். ஐயாவின் கண் அதில் விழுந்ததை நானா பார்த்துவிட்டார்.

"தோட்டத்துத் துரைமாருக்கு இதுதான் புடிக்கும், மாஸ்டர். ஆனா புதுசாப் பழகுற புள்ளைகளுக்கு வாணாம். ஒண்ணு தப்பினா அடுத்தது உள்ள ஈக்கின்னு கை அவசரப்படும்."

இரண்டாவது, பட்டாளத்து ரைபிளின் அதே உருவம், அதே கனம். குழல் மட்டும் சின்னத் தோட்டாவுக்கானது. சார்ஜன்ட் அதைத் தூக்கித் தோளில் சாத்தினார். முகமே மலர்ந்துவிட்டது. "இதுதாங்க சார் துப்பாக்கி. மத்ததெல்லாம் விளையாட்டுச் சாமான்."

ஐயா அதை வாங்கி என்னிடம் தந்தார். தன் சட்டைப்பை மணிக்கூட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். அரை நிமிஷத்தில் என் முழங்கை நடுங்கியது.

மூன்றாவது ஒரு சாதாரண சாமான். மங்கிய மரம், குட்டைத் தோள்கட்டை, ஒரு தரத்துக்கு ஒரே தோட்டா. சுட்ட பிறகு பின்பக்கத்து இரும்புப் பூட்டை இழுத்து, வெடித்த தோட்டாவின் வெறுங்கோதை வெளியே எடுத்து, இன்னொன்றைக் கையால் வைக்க வேண்டும். அதைத் தோளில் வைத்ததும் எனக்குச் சொந்தமான ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டதுபோல இருந்தது. இரண்டு நிமிஷம் ஆடாமல் நின்றேன்.

நானா அதன் பூட்டைக் கழற்றி, பின்வாயில் ஒரு வெள்ளைத் தாளைச் சரித்துப் பிடித்து, முன்பக்கமாகப் பார்க்கச் சொன்னார். நான் பார்த்தேன். உள்ளே மெல்லிய வரிகள் சுருண்டு சுருண்டு போய், கடைசியில் ஒரு வெளிச்ச வட்டத்தில் முடிந்தன. ஐயா வெகுநேரம் பார்த்தார்.

"வட்டத்துக்குள்ள வட்டம். எல்லாம் ஒரே மையம். குழல் நேர்தான்," என்றார். கேத்திரகணித வாத்தியாரை மயக்க வேறென்ன வேண்டும்? சார்ஜன்ட் மட்டும் ஒரு கணம் கண்ணை வைத்துவிட்டு, "ஆமாங்க, ஆமாங்க" என்று சட்டென்று கீழே வைத்துவிட்டார்.

பிரின்சிபல் கொடுத்த தொகைக்குள் அந்த வகையில் இரண்டு வாங்கலாம். ஐயா எச்சரிக்கையாக முதலில் ஒன்றை மட்டும் வாங்கினார்.

புறப்படும்போது நானா என்னிடம் ஒரு வெறுங்கோதைத் தந்தார். "மகள், வெறுந்துவக்க ஒருநாளும் தட்டிப் பார்க்கப்படாது. ஊசி இரும்புல பட்டு மழுங்கிப் போகும். கை பழக்கணும்னா இதை உள்ள வச்சிட்டுத் தட்டுங்க."

கல்லூரியில் பூட்டறை தயாராகும்வரை துவக்கு எங்கள் வீட்டு அலுமாரியில் இருந்தது. சாவி ஐயாவின் இடுப்பில். தோட்டா எதுவும் வீட்டில் கிடையாது. மாலையில் ஐயா முன்னறையில் பாய் விரிப்பார். நான் குப்புறப் படுத்து, வெறுங்கோதை உள்ளே வைத்து, சுவர்க் கலண்டரின் ஆணியைக் குறிபார்ப்பேன். எத்தனை நிமிஷத்தில் சின்னக் கை சோர்கிறது என்று ஐயா குறிப்பெடுப்பார். என் கை சோரவில்லை. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினால் குழல் நுனியிலுள்ள முன்குறி ஆணியில் அப்படியே உட்காரும் என்று எனக்கே தெரிந்துபோயிற்று. யாரும் சொல்லித் தரவில்லை. இதை இன்றைக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை ஹந்தானை அடிவாரத்துப் பழைய கல்லுடைக்கிற பள்ளத்தில் துவக்கைச் சோதித்தார்கள்; நானும் கூடப் போனேன். மண்மேட்டுக்கு முன்னால் அட்டை, அட்டையில் கறுப்பு வட்டம், இருபத்தைந்து கஜ தூரம். சார்ஜன்ட் படுத்துப் பத்துத் தோட்டா சுட்டார். வெடிச் சத்தம்கூடப் பெரிதில்லை. காய்ந்த கிளை முறிகிற மாதிரி. அட்டையை எடுத்து வந்தபோது ஐயாவின் முகம் விழுந்துவிட்டது. ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று மூலையில். இரண்டு தோட்டா அட்டையிலேயே படவில்லை.

சார்ஜன்ட் எழுந்து உட்கார்ந்து, பூட்டைத் துணியால் வெகுநேரம் துடைத்தார். பிறகு சொன்னார்: "குழல் கோணலுங்க சார். அந்தக் கடைக்காரரு நம்மள ஏமாத்திட்டாரு."

தன் கண்ணால் பார்த்த வட்டங்களை ஐயா நம்பியிருக்க வேண்டும். நம்பவில்லை. இரண்டு பதக்கத்துக்கு முன்னால் தன் கண் எம்மாத்திரம் என்று நினைத்துவிட்டார். எவ்வளவு படித்தவருக்கும் தெரியாத துறை என்று வந்துவிட்டால், அடித்துப் பேசுகிறவரின் சொல்தான் வேதம். இதை ஐயாவிடம் ஒருநாளும் நான் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

நேரே கடைக்குப் போனோம். ஐயா துவக்கை மேசையில் வைத்தார். கடையில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள்.

"நானா, நான் உங்களை நம்பித்தான் வாங்கினனான். கோணல் குழலை வாத்தியாரின்ர தலையில கட்டிவிட்டியளே."

நானா தொப்பியைக் கழற்றி மறுபடியும் போட்டுக்கொண்டார். "மாஸ்டர், இந்தக் கடை எங்க வாப்பா வச்ச கடை. என்னைக் கள்ளன்னு சொல்றீங்களா?"

"சார்ஜன்ட் பத்துச் சுட்டவர். ரெண்டு அட்டையிலேயே படேல்லை."

"துவக்கச் சொல்றீங்க. சுட்டவரச் சொல்லல்லியே," என்றார் நானா. ஐயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பதக்கம் வாங்கியவரைப் பற்றி ஒரு பூட்டு வியாபாரி இப்படிப் பேசுவதா என்று கத்தினார். நான் அதற்கு முன் ஐயா கத்திக் கேட்டதில்லை.

சார்ஜன்ட் சொன்னது பிரின்சிபல் காதுக்குப் போயிற்று. பிள்ளைகள் கையில் கெட்ட துவக்கைக் கொடுக்கிறவருக்கு லைசன்ஸ் எதற்கு, அரசாங்க அதிபரின் கச்சேரிக்கு எழுதப்போகிறேன் என்று பிரின்சிபல் சொன்னார். லைசன்ஸ் போனால் நானாவுக்கு வெறும் பூட்டும் லாம்பும்தான் மிஞ்சும். நானா பிரின்சிபலிடமே போய், எழுதுமுன் எல்லோர் முன்னிலையிலும் ஒருதரம் சோதித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். பிரின்சிபல் சம்மதித்தார்.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் அதே பள்ளம். மேலே தேயிலைக்குள் பனி அசையாமல் நின்றது. பிரின்சிபல் மடக்குக் கதிரையில் உட்கார்ந்தார். ஐயா தோட்டாக்களை எண்ணிப் பதினைந்து மட்டும் கொண்டுவந்திருந்தார். நானா சீனிச் சாக்கில் மணல் நிரப்பித் தைத்த ஒரு சின்ன மூட்டையைத் தோளில் சுமந்து வந்தார். அதைத் தரையில் வைத்து, துவக்கை அதன்மேல் கிடத்தினார்.

"நான் சுட்டா நான் தொழில்காரன்னு சொல்லுவாங்க," என்றார் ஐயாவிடம். "சார்ஜன்ட் ஏற்கெனவே சுட்டுட்டாரு. இந்த மகள் சுடட்டும். இவக்கு ஒரு தந்திரமும் தெரியாது. துவக்குல உள்ளது மட்டும்தான் அட்டையில விழும்."

ஐயா அதை ஆங்கிலத்தில் சொன்னதும் பிரின்சிபல் சிரித்தார்; பிறகு தலையசைத்தார். நான் படுத்தேன். ஈர மண் முழங்கையில் சில்லிட்டது. அதுவரை ஒரு நிஜத் தோட்டாவைக்கூட நான் சுட்டதில்லை. ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், பயம் வரவில்லை. என் சிந்தனையெல்லாம் முன்குறியில் இருந்தது. மூச்சைப் பாதி விட்டேன். ஐந்து தோட்டா. பூட்டை இழுத்தபோதெல்லாம் கோது சுடச்சுட வெளியே துள்ளி விழுந்தது. தீக்குச்சி கிழித்த மாதிரி ஒரு வாசனை.

அட்டை வந்தது. கறுப்புக்குள் ஒன்றுமில்லை. எல்லாம் இடப்பக்கம். சார்ஜன்ட், "பார்த்தீங்களா சார், கோணல்," என்றார்.

ஐயா அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு தன் சட்டைப்பையிலிருந்து ஒரு ஐம்பது சதக் காசை எடுத்து அட்டைமேல் வைத்தார். ஐந்து ஓட்டையும் அதற்குள் மறைந்தன.

"அஞ்சும் ஒரே இடம்," என்றார் மெதுவாக. "கெட்ட குழல் எண்டால் அஞ்சு இடத்தில எல்லோ விழவேணும். குறிதான் விலகியிருக்கு."

நானா மடியிலிருந்து சின்னப் பித்தளைச் சுத்தியலை எடுத்து, முன்குறியை இடப்பக்கமாக இரண்டு தட்டுத் தட்டினார். குண்டு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் முன்குறியையும் தள்ள வேண்டும். மறுபடியும் ஐந்து சுட்டேன். ஐந்தும் கறுப்புக்குள். அந்த இரண்டாவது அட்டையை வெகுகாலம் வைத்திருந்தேன். கல்யாணமாகி வீடு மாறினபோது எங்கேயோ போயிற்று.

பிரின்சிபல் எழுந்து நானாவுக்குக் கை கொடுத்தார். ஐயா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிரின்சிபல் திரும்பி, சார்ஜன்டையும் ஒரு ஐந்து சுடச் சொன்னார். பிரின்சிபலுக்கு ஒரு வஞ்சகமும் இல்லை. நல்ல துவக்கை நல்ல கையில் பார்க்கிற ஆசை, அவ்வளவுதான்.

சார்ஜன்ட் என் பக்கத்தில் வந்து படுத்தார். துவக்கை எடுத்தார். பெரியவர்கள் அப்பால் நின்றார்கள். உதடு அசையாமல் அவர் கேட்டது எனக்கு மட்டும் கேட்டது.

"பாப்பா, கறுப்பு எங்கம்மா இருக்கு? எனக்கு எல்லாம் வெள்ளையாத்தான் தெரியுது."

திரும்பிப் பார்த்தேன். அவ்வளவு பக்கத்தில் அவர் கண்களை நான் பார்த்ததில்லை. கறுவிழியின் நடுவே பால் சிந்தினதுபோல ஒரு மங்கல். நெற்றியிலிருந்து வேர்வை இறங்கிக்கொண்டிருந்தது, அந்தக் குளிரில்.

மீதி ஐந்து தோட்டாவும் என் கைக்குப் பக்கத்தில் சின்னத் தகரடப்பாவில் கிடந்தன. நான் யோசித்தேன் என்று சொல்லமாட்டேன். அள்ளிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். எழுந்து நின்று, வெறும் டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினேன்.

"தோட்டா முடிஞ்சுபோச்சு," என்றேன்.

பிரின்சிபல் வானத்தைப் பார்த்தார். தூறல் விழத் தொடங்கியிருந்தது. எல்லோரும் புறப்பட்டார்கள். ஐயா மட்டும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பதினைந்திலிருந்து பத்துப் போனால் எத்தனை என்பது அவருக்கா தெரியாது?

வீட்டு வாசலுக்குள் கால் வைத்ததும் கையை நீட்டினார். ஐந்தையும் அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"ஏன் எடுத்தனி?"

நான் நனைந்த பின்னல் நுனியைப் பிழிந்தேன்.

"வீட்டை கொண்டுவந்து சுடுவம் எண்டோ? இது விளையாட்டுச் சாமானோ? ஒராளின்ர உயிர் போனால் ஆர் பதில் சொல்லுறது?"

அப்போதும் பேசவில்லை. சொன்னால் சார்ஜன்டுக்கு வேலை போகும். அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்ததென்று தெரியாது. அம்மா பக்கத்துச் சொத்து என்று ஐயா சொல்வார். "இனி நீ துவக்குப் பக்கம் தலை வச்சும் படுக்கக்கூடாது," என்று முடித்துவிட்டார். அன்று மாலையே துவக்கு கல்லூரிக்குப் போயிற்று. முன்னறையில் பாய் விரிக்கவில்லை. நான் அழவுமில்லை. ஆனால் கலண்டர் ஆணியைப் பார்க்கும்போதெல்லாம் மூச்சு தானாகப் பாதியில் நின்றது.

இரண்டு ஞாயிறு கழிந்து சார்ஜன்ட் வீட்டுக்கு வந்தார். சீருடை இல்லை, வேட்டியும் கோட்டும் குடையும். ஐயா கதிரையைக் காட்டினார். அவர் உட்காரவில்லை.

"பாப்பா ஏன் பள்ளத்துக்கு வர்றதில்லீங்க சார்?"

"அது தோட்டா களவெடுத்தது. நான்தான் மறிச்சு வச்சிருக்கிறன்."

சார்ஜன்ட் குடையைக் கதிரையில் சாத்தினார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"அது களவு இல்லீங்க. எனக்கு ஒரு வருஷமாக் கண்ணு சரியில்ல. வேலை போயிருமோன்னு பயந்து மறைச்சேன். அன்னைக்கு அட்டையில ஓட்டை எங்க விழுந்துச்சுன்னே எனக்குத் தெரியாது. குழல் கோணல்னு பொய் சொன்னேன். பிரின்சிபல் பெரியதுரை முன்னால நான் அசிங்கப்படக் கூடாதுன்னுதான் பாப்பா தோட்டாவ மறைச்சிருச்சு. எனக்காக அது பழி சுமக்குறத என்னால தாங்க முடியலீங்க."

ஐயா எழுந்துவிட்டார்.

"காலையில கடைக்குப் போய் நானாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் வர்றேன். அவரு கோபிப்பாருன்னு நெனச்சேன். டீ வாங்கிக் கொடுத்து, யுத்தத்துக்குப் போன கண்ணு, இதுக்கு வைத்தியம் பார்க்காம விடுறது பாவம்னு சொன்னாரு." குடையை மறுபடியும் கையில் எடுத்தார். "நாளைக்குப் பெரியதுரைகிட்டச் சொல்லிருவேன். வர்றது வரட்டுங்க."

மறுநாள் ஐயாவும் அவரோடு பிரின்சிபலிடம் போனார். சுடும் பயிற்சி சார்ஜன்ட் கையிலிருந்து போயிற்று. டிரில் மட்டும் அவரிடம் மிஞ்சியது. ஆனால் வேலை போகவில்லை. அடுத்த விடுமுறையில் கொழும்பில் கண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொண்டு, போத்தல் அடிபோலத் தடித்த கண்ணாடியோடு திரும்பி வந்தார்.

ஐயா என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் காலத்துத் தகப்பன்மார் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டதாக நீங்களும் கேள்விப்பட்டிருக்கமாட்டீர்கள். ஆனால் நானாவிடம் கேட்டார். சார்ஜன்ட் திரும்பியதும் என்னையும் அவரையும் கூட்டிக்கொண்டு போய், கடையில் ஆட்கள் இருக்கும் நேரமாகப் பார்த்து, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். "பிழை என்ரை, நானா. நான் கண்டதை நானே நம்பேல்லை."

"விடுங்க மாஸ்டர். வந்த விஷயத்தைப் பார்ப்போம்," என்றார் நானா.

வந்த விஷயம் இரண்டாவது துவக்கு. முதலாவதைப் போலவே இன்னொன்று நானாவிடம் இருந்தது. அதோடு, அதே விலையில் புதிதாக வந்த வேறொன்றையும் எடுத்து வைத்தார். அது கொஞ்சம் நீளம், பின்குறியில் ஏற்றி இறக்கும் வசதி, பார்க்க வெகு அழகு. கூட வந்திருந்த சார்ஜன்ட் இரண்டையும் தடித்த கண்ணாடிக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். இந்தத் தரம் தீர்ப்புச் சொல்லவில்லை.

நான் இரண்டையும் தோளில் வைத்தேன். வெறுங்கோது போட்டு விசையை அழுத்திப் பார்த்தேன். அழகானதில் விசை முதலில் இறுகி நின்று, பிறகு திடீரென்று விழுந்தது, முன்குறி துள்ளியது. மற்றதில் விரல் எப்போது அழுத்தி முடித்ததென்றே தெரியாமல் விசை விழுந்தது. ஆனால் அதன் தோள்கட்டையில் ஒரு கீறல் இருந்தது.

நானா ஐயாவைப் பார்த்தார். "மாஸ்டர், எதைக் கட்ட?"

ஐயா இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைச் சரிசெய்துகொண்டார்.

"என்னட்டை ஏன் கேக்கிறியள், நானா? சுடுற ஆளைக் கேளுங்கோ."

கீறல் விழுந்ததைக் கட்டச் சொன்னேன்.